கீமோ டே கேர்: பகலுக்கு ஐந்து நட்சத்திரம், ராத்திரிக்கு ஒன்று

சென்னையில் கீமோ கொடுக்கும் ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஜனங்கள் எழுதியிருப்பதைத் தேடிப் படித்தால், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சாய்வு நாற்காலி சௌகரியம், ஏசி குளிர் தாங்கவில்லை, சிஸ்டர்கள் நல்ல மாதிரி, பார்க்கிங் மோசம், கேன்டீன் காபி சுமார். இதெல்லாம் உண்மைதான், எழுத வேண்டியதுதான். ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபிறகு வயிறு கெட்டால், அதுவும் ராத்திரியில் கெட்டால், அந்த ஆஸ்பத்திரி என்ன செய்யும் என்று ஒருத்தரும் எழுதக் காணோம். எங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததை வைத்து நான் அதைத்தான் எழுதப்போகிறேன்.

பெயர் போடவில்லை. அவருக்கு இன்னும் அங்கேதான் வைத்தியம் நடக்கிறது, எழுதிவிட்டு அடுத்த வாரம் அதே சிஸ்டர் முகத்தில் விழிக்க வேண்டும். நகரின் மேற்குப் பக்கம், மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரம் வைத்து மறைத்திருக்கும் ஒரு சாலையில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, ஒரு மாடி முழுக்கப் புற்றுநோய் டே கேர் (பகலில் மருந்து ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும் பிரிவு) என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஏன் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போகவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. 1954-லிருந்து நடக்கிற இடம், அதன்மேல் எங்களுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. முதல் ஆபரேஷன் செய்த டாக்டர் இங்கே இருந்தார், வீடும் பக்கம், இன்சூரன்ஸும் இங்கே செல்லும், அவ்வளவுதான் காரணம்.

சித்தப்பாவுக்குப் பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி. ஆபரேஷன் முடிந்து ஃபோல்ஃபாக்ஸ் என்கிற கீமோ கலவையைக் கொடுத்தார்கள். அதில் இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் புண்ணியத்தில் மனிதர் மாதக்கணக்கில் ஃபிரிட்ஜைத் தொட முடியாமல், மே மாத வெயிலில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரியவே ஃபோல்ஃபிரி என்கிற வேறு கலவைக்கு மாற்றினார்கள். இதில் இரினோடெகான் என்று ஒரு மருந்து உண்டு, இந்த விமர்சனத்தின் வில்லன் அதுதான். நல்ல மருந்துதான், அதனால் பலன் கிடைத்தவர்கள் நிறைய. ஆனால் வயிற்றை அது இரண்டு விதமாகப் பதம் பார்க்கும்.

முதல் விதம் மருந்து ஏறும்போதே, அல்லது அன்றைக்கு ராத்திரிக்குள் வரும். வியர்வை, கண்ணில் நீர், வாயில் எச்சில் ஊறுவது, வயிற்றை முறுக்கிக்கொண்டு போக்கு. நரம்பு மண்டலத்தை மருந்து தூண்டிவிடுவதால் வருவது இது, அட்ரோபின் ஊசி போட்டால் அடங்கிவிடும். இந்த இடத்தில் டே கேர் சிஸ்டர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். சித்தப்பா கூச்ச சுபாவம், வலித்தால்கூடச் சொல்ல மாட்டார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் வேறு ஒருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த சிஸ்டர் அதைக் கவனித்துவிட்டு, “அப்பா, வயிறு முறுக்குதா? சொல்லணும் இல்ல!” என்று கேட்டபடியே சொட்டு ஏறுவதைக் குறைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, அட்ரோபினும் போட்டு முடித்துவிட்டார். ஏசி அறையில் ஒருவருக்கு வியர்க்கிறது என்பதைப் பார்க்கும் கண் பழக்கத்தில்தான் வரும். அடுத்த முறை மருந்து தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது விதம் வீட்டுக்கு வந்து ஒரு நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், பெரும்பாலும் முதல் வாரக் கடைசியிலிருந்து பத்துப் பதினோரு நாளுக்குள். இது குடலின் உள்தோல் அடிபடுவதால் வருவது. குடலின் உள்பக்கத் தோல் சில நாளுக்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்லையெல்லாம் கீமோ அடிக்கும் என்பதால் புற்றோடு சேர்த்து இதையும் அடிக்கிறது. அட்ரோபின் இங்கே உதவாது, லோப்பிரமைட் மாத்திரைதான். இந்த மாத்திரை விஷயத்தில்தான் ஆஸ்பத்திரி மேல் என் முதல் புகார்.

டிஸ்சார்ஜ் தாளில் லோப்பிரமைட், தேவைப்பட்டால், என்று ஒரே ஒரு வரி. அதுவும் இங்கிலீஷில், வாந்தி மாத்திரைக்கும் கேஸ் மாத்திரைக்கும் நடுவில். தேவைப்பட்டால் என்றால் எப்போது, எத்தனை என்று எதுவும் கிடையாது. உண்மையில் இரினோடெகானுக்குப் பிறகு வரும் போக்குக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கும் முறையே வேறு. வழக்கத்துக்கு மாறாக முதல் தடவை தண்ணியாகப் போன உடனே 4 மில்லிகிராம், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு 2 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து போகாமல் இருக்கும் வரைக்கும். ராத்திரி தூங்க வேண்டும் என்பதால் நாலு மணி நேரத்துக்கு 4 மில்லிகிராம் என்று மாற்றிக்கொள்ளலாம். இப்படி 48 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குடல் இயக்கமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஒரு நாள் போட்டும் நிற்கவில்லை என்றாலே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கதையே வேறு, வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கவே கூடாது.

இந்த அளவை மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்குப் போடும் அளவைவிட இது அதிகம். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அக்கறையாகத்தான் சொன்னார். சித்திக்கு டாக்டர் எழுதிய ‘தேவைப்பட்டால்’ ஒரு பக்கம், கடைக்காரரின் எச்சரிக்கை ஒரு பக்கம். யார் பேச்சைக் கேட்பது? இதை ஒரு தமிழ்த் தாளில் பத்து வரியில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. வரவேற்பில் முழு உடல் பரிசோதனைக்கு வழவழ தாளில் ஆறு பக்கத்துக்குத் தமிழில் விளம்பரம் வைத்திருக்கிறார்கள். (ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன அளவு இந்த ஒரு மருந்துக்கும் டாக்டர் அப்படிப் போடச் சொன்னவர்களுக்கும்தான். வேறு கீமோ எடுப்பவர்கள் இதைப் பார்த்து மாத்திரை போட வேண்டாம்.)

சரி, ராத்திரிக்கு வருவோம்.

இரண்டாவது சுற்று முடிந்து, அடுத்த வாரம் பிறந்திருந்த சமயம். சாயங்காலத்திலிருந்து போக்கு. அதைவிட, வலது அடிவயிற்றில் கை வைத்தால் சுருங்கிக்கொண்டார். பத்து மணிக்கு மேல் காய்ச்சல், தெர்மாமீட்டரில் 100.8. கீமோ எடுப்பவருக்கு 100.4 தாண்டினாலே கூப்பிட வேண்டும் என்று டே கேரில் வாயால் சொல்லியிருந்தார்கள், சித்தியும் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார். ஃபைலின் அட்டையில் பெரிய எழுத்தில் ‘24 மணி நேர உதவி’ என்று ஒரு எண். அதில் கூப்பிட்டோம்.

எடுத்தது ஆஸ்பத்திரியின் பொது ஆபரேட்டர். எந்த டாக்டர், எந்த டிபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி நோயாளிக்குக் கொடுக்கும் யு.எச்.ஐ.டி. எண் என்ன என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் என்றார். வீணை இசை கேட்டது. அப்புறம் ஏதோ ஒரு வார்டு. அங்கே பேசியவருக்கு நாம் யார் என்றே தெரியவில்லை, அவர் வேறு எண்ணுக்கு மாற்ற, அது கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டு, மறுபடி அதே கேள்விகள், மறுபடி வீணை. கடைசியில் கிடைத்த பதில்: “லூஸ் மோஷன்தானே? ஓ.ஆர்.எஸ். குடுங்க, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போட்டுத் தூங்க வைங்க, காலைல ஓ.பி.க்கு வந்துடுங்க.”

இந்தப் பதில் எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். கீமோ போட்டு ஒரு வாரம் பத்து நாளில் ரத்த வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் நியூட்ரோஃபில் என்கிற வகைதான் கிருமியோடு நேரடியாக மோதும் படை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 500-க்குக் கீழே போய்விட்ட ஒருவருக்கு, குடலின் உள்தோலும் கிழிந்திருந்தால், குடலில் இத்தனை காலம் சும்மா குடியிருந்த கிருமிகள் சுவரைத் தாண்டி உள்ளே வரும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். தடுக்க ஆள் இல்லை. பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மட்டும் மறையும், உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும். காலை ஓ.பி. திறப்பதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். அதனால்தான் வெள்ளையணு குறைந்த நிலையில் வரும் காய்ச்சலுக்கு, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இது டாக்டர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த போனை எடுக்கிறவருக்குச் சொல்லித்தரவில்லை, அதுதான் பிரச்சினை.

சித்தி காலை வரை பொறுக்கும் ரகம் இல்லை. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸைக் கேட்டால் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள், 108-க்கு அடித்தோம், வந்துவிட்டது. அந்தப் பையன் வண்டியிலேயே பிரஷர் பார்த்து, “கீமோ பேஷன்டா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். அன்றைக்கு அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அவன்தான்.

கேஷுவால்டியில் டூட்டி டாக்டர் சின்ன வயசு. முதல் கேள்வி, வெளியே என்ன சாப்பிட்டார்? இரண்டாவது கேள்வி, அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சா? இரண்டாவது கேள்விமேல் எனக்குக் கோபம் இல்லை, வலிக்கும் இடம் அதேதான். ஆனால் கீமோ, போன வாரம், இரினோடெகான் என்று சித்தி மறுபடி மறுபடி சொல்லியும், அவர் வயிற்றுப்போக்குக்கு வழக்கமாக எழுதுவதை எழுதிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் அட்வான்ஸ் கட்ட கவுன்டருக்கு வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் காட்டினால் கதவு திறக்கும்படி ‘இவர் கீமோ எடுப்பவர், காய்ச்சல் இருந்தால் உடனே இதைச் செய்’ என்று ஒரு அட்டை இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வெளிநாட்டில் பல இடங்களில் அப்படி அட்டை கொடுத்துத்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே எங்களுக்குக் கொடுத்தது பார்க்கிங் டோக்கன்.

முதல் ஆன்டிபயாட்டிக் ஏறும்போது ஒரு மணி நேரக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அதுவும் புற்றுநோய்ப் பிரிவின் ரெசிடென்ட் டாக்டர் ஒருவர் வேறு யாரையோ பார்க்கக் கீழே வந்தவர், சித்தியின் கையில் இருந்த ஃபைல் அட்டையின் நிறத்தைப் பார்த்து அடையாளம் கண்டு நின்றதால். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. ரிப்போர்ட் வந்தது, நியூட்ரோஃபில் முந்நூற்றுச் சொச்சம். ராத்திரியோடு ராத்திரியாக சி.டி. எடுத்தார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீகம் என்று ஒரு பை இருக்கிறது, அதன் சுவர் வீங்கித் தடித்திருந்தது. நாலு மில்லிமீட்டரைத் தாண்டினாலே தடிப்பு என்று கணக்காம், இவருக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். நோயின் பெயர் நியூட்ரோபீனிக் என்டரோகொலைட்டிஸ், டைஃபிலைட்டிஸ் என்றும் சொல்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரர்களிடம்தான் இதை அதிகம் பார்ப்பார்கள், ஆனால் கட்டிகளுக்குக் கீமோ எடுப்பவர்களுக்கும் வருகிறது. குடலிலேயே அதிகம் உப்பும் இடம் சீகம், ரத்த ஓட்டமும் அங்கே கொஞ்சம் கம்மி, அதனால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது என்று அந்த டாக்டர் எங்களுக்குத் தாளில் படம் போட்டு விளக்கினார். விடியற்காலை மூன்றரை மணிக்கு உட்கார்ந்து படம் போடும் டாக்டருக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது?

வைத்தியம் என்று பார்த்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே செய்யாதது மாதிரி இருக்கும். வாய் வழியாக ஒன்றும் கிடையாது, குடலுக்கு ஓய்வு. நரம்பில் சலைன், பொட்டாசியம், பைப்பர்சிலின்-டாசோபேக்டம் என்கிற ஆன்டிபயாட்டிக், வெள்ளையணுவைத் தூண்ட ஃபில்கிராஸ்டிம் ஊசி. லோப்பிரமைட்டை நிறுத்திவிட்டார்கள். வீங்கின குடலை இயங்காமல் கட்டிப்போட்டால் அது உப்பி ஓட்டை விழும் ஆபத்து உண்டாம். சர்ஜன் தினமும் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார். “ஆபரேஷன் பண்ணப் போறாங்களா?” என்று சித்தி ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார். ஓட்டை விழுந்தாலோ ரத்தம் நிற்காமல் போனாலோதான் கத்தி வைப்பார்கள், வெள்ளையணு ஏறினால் பெரும்பாலும் தானாகவே ஆறும். சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஏறியது. வெள்ளையணு மேலே வர ஆரம்பித்ததும் காய்ச்சல் இறங்கியது, வயிற்றின் இறுக்கம் தளர்ந்தது.

வார்டு பற்றி. புற்றுநோய் வார்டு என்றால் வாடகைக்குத் தகுந்த டிவி, சோபா எல்லாம் உண்டு. வயிறு போய்க்கொண்டிருக்கிறவருக்கு டிவி எதற்கு? அவருக்கு வேண்டியது பாத்ரூம். அதைப் பற்றி விரிவாக எழுத எனக்குக் கூச்சம் இல்லை. தரை எப்போதும் ஈரம். கமோடுக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி இருக்கிறது, ஆனால் இடப்பக்கம் மட்டும், இவருக்கு இடது கையில்தான் சலைன். அவசரத்துக்கு இழுக்கிற மணிக்கயிற்றைச் சுத்தம் செய்கிறவர் யாரோ தண்ணீர் படக்கூடாது என்று மேலே கீசர் பைப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்திருப்பவருக்கு எட்டவே எட்டாது. மயக்கம் வந்து விழுந்தால் யாரைக் கூப்பிடுவது? நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்துவிட்டேன், அடுத்த நாள் காலை மறுபடியும் முடிச்சு. நர்ஸிங் சூப்பர்வைசரிடம் சொன்னபிறகுதான் கயிறு கீழே வந்தது.

அதே வார்டின் சிஸ்டர்கள் செய்த நல்லதும் நிறைய. எத்தனை தடவை, எவ்வளவு, என்ன நிறம் என்று எழுத ஒரு தாளைக் கோடு போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். வழக்கத்தைவிட ஏழு தடவையோ அதற்கு மேலோ அதிகமாகப் போனால் தீவிரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்கு இந்தத் தாள் வேண்டும். தோல் புண்ணாகாமல் இருக்கத் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு தடவச் சொல்லிக்கொடுத்தார்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, ரிசல்ட் வரும் வரை எங்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள். சுவரில் மாட்டியிருக்கிற சானிடைசர் அந்தக் கிருமி உண்டாக்கும் ஸ்போர் என்கிற வித்துகளை ஒன்றும் செய்யாதாம், தண்ணீரும் சோப்பும்தான் வேலை செய்யும். வார்டு பாய் முதல் பெரிய டாக்டர் வரை குழாயில் கை கழுவியதைப் பார்த்தேன். இதெல்லாம் பில்லில் வராத சேவை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. அவர் பிரச்சினை நேர்மாறு, வெளிக்கே போகவில்லை. அவருக்குக் கொடுத்த மருந்துகளில் வின்கிரிஸ்டின் உண்டு, அது குடலின் நரம்பையே மந்தப்படுத்தும். வாந்திக்குப் போடும் ஓன்டான்செட்ரானும் மலத்தைக் கட்டும், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் கட்டும். வீட்டில் ஒரு வாரம் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வயிறு பானை போல ஊதிய பிறகுதான் கூட்டிவந்தார்கள். அவர் மகள் எனிமா வைக்கலாமே என்று கேட்டபோது சிஸ்டர் போட்ட சத்தம் காரிடார் முழுக்கக் கேட்டது. வெள்ளையணு குறைவாக இருக்கும்போது ஆசனவாய் வழியாக எதையும் வைக்கக் கூடாது, எனிமாவும் கூடாது, அந்த வழியில் காய்ச்சலும் பார்க்கக் கூடாது. சின்னக் கீறல் போதும், கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். எதிர்க் கட்டில்காரர் கேப்பசிட்டபின் மாத்திரை வீட்டிலேயே சாப்பிடுகிறவர். போக்கு ஆரம்பித்த பிறகும் விலை கொடுத்து வாங்கிய மாத்திரை வீணாகக் கூடாது என்று கடைசி வரை விழுங்கியிருக்கிறார். போக்கு கடுமையானால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும் என்று அவருக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தப் போனுக்கு என்பது வேறு விஷயம்.

சாப்பாடு. டயட்டீஷியன் வந்து பேசியது நன்றாகத்தான் இருந்தது. கஞ்சித் தெளிவில் தொடங்கி, ஜவ்வரிசி, குழைந்த சாதம், இட்லி என்று மெல்ல ஏற்றினார். பால் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், குடல் தோல் அடிபட்டபிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் தற்காலிகமாகக் குறையும், காபியும் வேண்டாம் என்றார். சித்தப்பாவுக்குக் கேன்சர் என்று சொன்ன நாளைவிடக் காபி இல்லை என்று சொன்ன நாளில்தான் முகம் அதிகம் வாடியது. ஆனால் டயட்டீஷியன் சொன்னது சமையலறைக்குப் போய்ச் சேரவே இல்லை. மறுநாள் காலைத் தட்டில் பாலும், துருவிய கேரட் சாலட்டும். வெள்ளையணு தேறாத ஆளுக்குப் பச்சைக் காய்! திருப்பி அனுப்பினோம், மதியம் அதே சாலட் வேறு கிண்ணத்தில் வந்தது.

ஓ.ஆர்.எஸ். விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் டெட்ரா பேக்கில் ஆரஞ்சு ருசியில் விற்றதையெல்லாம் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், அவ்வளவுதான். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கணக்குக்குள் வராத பானங்கள் மேல் ஓ.ஆர்.எஸ். என்று எழுதவே கூடாது என்று உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருஷமாகப் போராடியதன் பலன். பாக்கெட் பொடியை வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் குடிப்பதே நல்லது, விலையும் கம்மி. இளநீரை விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் வாங்கி வந்தார்கள். வெள்ளையணு ஏறும் வரை தள்ளுவண்டியில் சீவியது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் எல்லாம் என் வயிற்றுக்குள் போனது.

பில். தனியார் ஆஸ்பத்திரி பில் எப்படி இருக்குமோ அப்படி. இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இது ‘வயிற்றுப்போக்கு’, வீட்டிலேயே பார்த்திருக்கலாம் என்று இழுத்தார்கள். சி.டி. ரிப்போர்ட்டையும் நியூட்ரோஃபில் கணக்கையும் அனுப்பி, புற்றுநோய் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்த பிறகு அனுமதி வந்தது. இதில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் எங்களுக்காகச் சண்டையே போட்டார், அவருக்கு நன்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேரும்போதே அதைக் காட்டி, கீமோவால் வரும் இந்த மாதிரிச் சிக்கலுக்கான சேர்க்கையும் அதில் வருமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்றாலும், அதில் எந்தெந்த வைத்தியம் அடங்கும் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு.

டிஸ்சார்ஜ் ஆனபிறகு அந்த ராத்திரிப் போன் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தோம். சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், யாரையும் திட்டாமல், நேரத்தோடு, யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும். வழக்கமாக இதற்கு வரும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ பதில் வந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. புற்றுநோய்ப் பிரிவின் தலைவர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இப்போது டே கேருக்கு என்று தனி மொபைல் இருக்கிறது, ராத்திரி அதைப் புற்றுநோய் வார்டின் பொறுப்பு சிஸ்டர் வைத்திருக்கிறார். நான் ஒரு ராத்திரி வேண்டுமென்றே கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாவது மணியில் எடுத்து, எப்போது கீமோ, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை தடவை போனது, சிறுநீர் போகிறதா என்று சரியான வரிசையில் கேட்டார்கள். சோதனைக்குத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி மன்னிப்பு கேட்டேன், “பரவால்ல சார், இதுக்குத்தான் வெச்சிருக்கோம்” என்றார். கீமோ முடிந்த அடுத்த வாரத்தில் அவர்களே ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பதும் ஆரம்பித்திருக்கிறது.

சித்தப்பாவுக்கு அடுத்த சுற்றுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்கள், யு.ஜி.டி.1ஏ1 என்ற மரபணுவுக்கு. இரினோடெகானை உடம்பிலிருந்து கழிக்கும் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், அவர்களுக்கு அதே அளவு மருந்து உள்ளே அதிகநேரம் தங்கி வெள்ளையணுவையும் குடலையும் கூடுதலாக அடிக்கும். இவருக்கு அது இருந்தது. டோஸைக் குறைத்தார்கள், அதற்கப்புறம் போக்கு வருகிறது, ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. இந்தப் பரிசோதனையை முதல் சுற்றுக்கு முன்பே ஏன் எழுதவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். எல்லாருக்கும் கட்டாயம் என்று விதி இல்லை, செலவும் ஆகும், பல டாக்டர்கள் சிக்கல் வந்தபிறகே பார்க்கிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பதில் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்ன விதம் பிடித்தது.

ஆக, சேரும் முன் அங்கே போய் நாற்காலியைப் பார்க்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் கொடுத்த எண்ணுக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டு, கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். எடுக்கிறவர் உடனே வரச் சொன்னால் அந்த இடம் பரவாயில்லை. கேஷுவால்டியில் புற்றுநோய் டாக்டர் ராத்திரி கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா என்றும் கேளுங்கள். சி.டி. ராத்திரி எடுப்பார்களா என்றும்தான். மார்க்கெட்டிங் ஆள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தடுமாறுவார், அதற்காக விடாதீர்கள்.

மொத்தமாக மூன்று நட்சத்திரம். டே கேர் சிஸ்டர்களுக்கும் அந்த ரெசிடென்ட் டாக்டருக்கும் தனித்தனியாக ஐந்து. பழைய உதவி எண்ணுக்கு ஒன்று, புதிய மொபைலுக்கு நாலு. சமையலறைக்கு எதுவும் இல்லை. தமிழில் அந்தப் பத்து வரித் தாள் மட்டும் இன்னும் வரவில்லை, அச்சுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். வந்தால் ஒரு நட்சத்திரம் கூட்டுகிறேன்.